சிலோவாம் வரை கூடப் போனது யார்?

(வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம். தவக்காலம் நான்காம் ஞாயிறு. நற்செய்தி: யோவான் 9:1-41)



இன்றைய நற்செய்தியில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரை நாம் சந்திக்கிறோம். அவரைக் கண்டதும் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்கும் முதல் கேள்வி, இது யார் செய்த பாவம், இவர் செய்ததா, இவரைப் பெற்றவர்கள் செய்ததா என்பதுதான். அந்த மனிதருக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகவே கேட்கும். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றி விசாரணை நடக்கிறது.

இந்தக் கேள்வி யெருசலேமோடு முடிந்துவிடவில்லை. நம் திருப்பூரில் ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கிறார்கள். குழந்தையின் இதயத்திலோ முதுகிலோ சிறுநீரகத்திலோ ஏதோ சரியில்லை என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வருகிறது. அன்று சாயங்காலமே வீட்டில் விசாரணை ஆரம்பம். கிரகணத்தன்று வெளியே போனாளா? கம்பெனியில் நைட் போகாதே என்று சொன்னோமே, கேட்டாளா? எங்கள் வம்சத்தில் இப்படி எதுவும் கிடையாதே? சொந்தத்தில் கட்ட வேண்டாம் என்று அப்போதே சொன்னேனே? அந்தப் பெண் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வயிற்றில் இருக்கும் பிள்ளை அப்போதுதான் அசையத் தொடங்கியிருக்கிறது.

அது இவர் பாவமும் இல்லை, இவரைப் பெற்றவர்கள் பாவமும் இல்லை என்று சொல்லி ஆண்டவர் அந்த விசாரணையை அங்கேயே நிறுத்திவிடுகிறார். அடுத்துக் குனிகிறார், மண்ணைக் குழைக்கிறார், கண்ணில் பூசுகிறார். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் அந்த மனிதரை ஓர் இடத்துக்கு அனுப்புகிறார். சிலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவச் சொல்கிறார். தொட்ட இடத்திலேயே பார்வை கொடுக்க அவரால் முடியாதா? பர்த்திமேயுவுக்கு எரிகோவில் அப்படித்தானே கொடுத்தார்? ஆனால் இவரை அனுப்புகிறார். சிலோவாம் என்ற சொல்லுக்கே அனுப்பப்பட்டவர் என்பதுதான் பொருள் என்று யோவான் நமக்கு விளக்கமும் தருகிறார். நம் ஊர்ப் பேச்சில் சொல்வதானால், ஆண்டவர் ஒரு ரெஃபரல் எழுதிக் கொடுத்தார்.

அதை நான் புரிந்துகொள்ள ஒரு குழந்தையை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

நான் இந்தப் பங்குக்கு வந்த முதல் ஆண்டு. திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்த ஓர் இளம் தம்பதி. அவர் கட்டிங் மாஸ்டர், அந்தப் பெண் செக்கிங் வேலை. (அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.) ஒரு ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் சக்ரீஸ்து வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஸ்கேன் கவர். குழந்தையின் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாய்கள் சந்தேகமாகத் தெரிகின்றன, கோவைக்குப் போய்க் குழந்தை இதயத்துக்கான எக்கோ எடுக்கவும் என்று டாக்டர் எழுதியிருந்தார். எனக்கு அடுத்து ஒரு திருமணத் திருப்பலி இருந்தது. அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்துச் செபித்துவிட்டு, “ஒண்ணும் ஆகாதும்மா, ஸ்கேன்ல எல்லாம் பெரிசு பண்ணித்தான் எழுதுவாங்க. ஆண்டவர் பாத்துக்குவாரு” என்று சொல்லி அனுப்பினேன். அனுப்பினேன் என்றால், வீட்டுக்கு அனுப்பினேன்.

அவர்கள் கோவைக்குப் போகவில்லை. நான் சொன்னது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். அப்போது ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடி, இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போகும். அங்கே போனால் கலைக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆனால் போகாமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது, அதை நான் கொடுத்தேன்.

பெண் குழந்தை. இங்கேயே ஒரு சிறிய மருத்துவமனையில் பிறந்தது. நன்றாக அழுதது, நிறமும் நன்றாக இருந்தது. பாட்டி எனக்குப் போன் செய்து புதுமை என்றே சொன்னார். நானும் நம்பினேன், உண்மையைச் சொன்னால் மறுநாள் மறையுரைக்கு அது உதவும் என்றும் நினைத்தேன். மூன்றாம் நாள் காலை குழந்தை பால் குடிக்கவில்லை. உதடு நீலம் பூத்தது. 108 வண்டி வந்தது. அவிநாசி தாண்டிக் கோவை போய்ச் சேருமுன் குழந்தை இறந்துவிட்டது.

அடக்கத்தின்போது அந்தத் தகப்பன் கோபமாக எதுவும் பேசவில்லை. மண் போட்டு முடித்த பிறகு என் பக்கம் திரும்பி, “ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே சாமி” என்று மட்டும் கேட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கோவையில் குழந்தைகள் இதய மருத்துவர் ஒருவரை நானே தேடிப்போய்ப் பார்த்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஓர் இதயத்தை வரைந்து காட்டினார். கருவில் இருக்கும்போது குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. உயிர்க்காற்று தாயின் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. அதனால் நுரையீரலைச் சுற்றிப் போக இதயத்தின் அருகே ஒரு சிறிய இணைப்புக் குழாய் இருக்கிறது. பிறந்த ஓரிரு நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். சில இதயக் குறைபாடுகளில் அந்தச் சின்னக் குழாய்தான் குழந்தையின் ஒரே உயிர்வழி. எனவே அது திறந்திருக்கும் வரை குழந்தை நன்றாக இருக்கும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். அது மூடும்போது நீலம் பூக்கும். முன்கூட்டியே தெரிந்தால், பிறந்த உடனே புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி அந்தக் குழாயை மூடவிடாமல் வைத்து, சில நாட்களில் அறுவைச் சிகிச்சை செய்யலாம். “கட்டாயம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன் ஃபாதர். ஆனால் பிழைக்கிற குழந்தைகள் நிறைய” என்றார். நாங்கள் புதுமை என்று நினைத்த அந்த இரண்டு நாட்கள், அந்தக் குழந்தைக்குச் சிகிச்சை செய்யக் கிடைத்திருந்த இரண்டு நாட்கள்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு முதல் பத்துப் பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறைபாடு இருக்கிறது. பலவற்றுக்கு அவசரமே இல்லை. சிலவற்றுக்கு மணிக்கணக்கு முக்கியம். எது எந்த வகை என்று சொல்லத்தான் அந்த எக்கோ. சீராக் ஞான நூலின் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது. இதைக் குருமடத்தில் படித்தவன்தான் நான்.

அன்பானவர்களே, ஸ்கேன் என்றாலே நம் மக்களுக்கு இரண்டு எண்ணங்கள் உண்டு. ஒன்று, ஆணா பெண்ணா என்று பார்ப்பது. அதைச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் போர்டு மாட்டியிருப்பதைப் பார்க்கிறீர்கள். மற்றொன்று, கோளாறு இருந்தால் கலைப்பதற்காகப் பார்ப்பது. மூன்றாவதாக ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன தேவை என்று அறிந்து, அதைத் தயாராக வைப்பதற்காகப் பார்ப்பது.

11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் உண்டு. 18 முதல் 20 வாரம் வாக்கில் அனாமலி ஸ்கேன் என்று ஒன்று, அதில் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால், கருவிலிருக்கும் குழந்தைக்கென்றே தனியாகப் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் மறுபடி பார்த்து, முதல் ஸ்கேனில் பயந்தது சரிதானா என்று சொல்வார்கள். சில நேரம் பயம் அங்கேயே தீர்ந்துவிடும். சிறுநீரகம் கொஞ்சம் வீங்கித் தெரிகிறது என்பதில் பெரும்பாலானவை தானாகச் சரியாகின்றன. உதட்டுப் பிளவு பிறந்த சில மாதங்களில் தைத்துச் சரியாக்கக்கூடியது. கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை இந்த மைக் முன்னால் மறுபடியும் சொல்லிவைக்கிறேன். வளைந்த பாதத்தை வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றி நேராக்குகிறார்கள். குடல் வயிற்றுக்கு வெளியே வளர்ந்திருந்தால், குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் இடத்தில் பிறந்தால் உடனே கவனிக்கலாம். அதாவது எங்கே பிறக்க வேண்டும், எப்போது, பிறந்த நிமிடம் யார் கூட இருக்க வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்வதுதான் இந்த மருத்துவத்தில் பெரும்பகுதி.

கருவிலேயே சிகிச்சை செய்வதும் உண்டு. 1963-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வில்லியம் லைலி என்ற மருத்துவர், தாயின் இரத்த வகையோடு ஒத்துப்போகாமல் கருவிலேயே இரத்தச் சோகையால் செத்துக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்கு, தாயின் வயிறு வழியே ஊசி செலுத்தி இரத்தம் ஏற்றினார். இன்றைய ஸ்கேன் அப்போது இல்லை, எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத்தான் செய்தார். குழந்தை பிழைத்தது. கருவில் இருப்பவரும் நோயாளிதான், அவருக்கும் மருத்துவம் செய்யலாம் என்று உலகம் கண்டது அங்கேதான். நம் சென்னையில் டாக்டர் எஸ். சுரேஷும் அவரோடு இருப்பவர்களும் மெடிஸ்கேன் மையத்தில் பல ஆண்டுகளாக இந்தத் துறையை வளர்த்தார்கள். அவர்களுடைய ஃபீட்டல் கேர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2001-இல் இந்தியாவுக்கான பிறவிக் குறைபாடுகள் பதிவேட்டையும் தொடங்கியது. நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கோவை 50 கிலோமீட்டர்.

ஆனால் அந்த 50 கிலோமீட்டர் நம் மக்களுக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரியும். இங்கே சொந்தபந்தம் கிடையாது, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது? இன்னொன்று, ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் இங்கே, பிரசவம் பார்க்கும் டாக்டர் தேனியிலோ சிவகங்கையிலோ. ரிப்போர்ட் திருப்பூர் வீட்டு பீரோவில் புடவைக்கு அடியில். தாய்வீட்டுச் சீர் அழகான வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்கேனில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை பிறக்க வேண்டிய இடத்தை வழக்கம் முடிவு செய்யக் கூடாது, மருத்துவர் முடிவு செய்யட்டும். பாட்டி இங்கே வரட்டும். எங்கே போனாலும் ஃபைல் கூடப் போகட்டும்.

இ.எஸ்.ஐ. கார்டு உள்ள சகோதரிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பேறுகால உதவி 26 வாரம். 26 வாரம் கடந்து பிறக்கும் குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் விதிப்படி அது பிரசவம்தான், அந்த உதவி அந்தத் தாய்க்கும் உண்டு. அதற்கு முன்பே கரு கலைந்து போனால் 6 வாரம். ‘பிள்ளைதான் இல்லையே, அடுத்த வாரமே வேலைக்கு வா’ என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. நம் பங்கிலும் முதலாளிகள் இருக்கிறீர்கள், கான்ட்ராக்ட் எடுப்பவர்கள் இருக்கிறீர்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்யும் எத்தனை பெண்களின் பெயர் உங்கள் பதிவேட்டில் ஏறவேயில்லை என்று உங்களுக்குத்தான் தெரியும். தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்வது நல்லது, அதோடு இதையும் கொஞ்சம் பாருங்கள். பிறந்த குழந்தைக்கான இதய அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் வருகிறது. அந்த அட்டையை ஆத்திர அவசரத்தில் தேடாமல் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பயத்தைப் பற்றிப் பேசுகிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கலைக்கச் சொல்வார்கள். சில இடங்களில் சொல்வார்கள்தான். 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, குழந்தைக்குக் கடுமையான குறைபாடு உண்டு என்று மருத்துவக் குழு சொன்னால் கருவைக் கலைக்கக் கால வரம்பே கிடையாது. திருச்சபையின் போதனை உங்களுக்குத் தெரியும். கருவான நொடியிலிருந்து அது மனித உயிர், நோய் இருக்கிறது என்பதால் அந்த உயிரின் மதிப்பு குறைவதில்லை. இதில் நான் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். “டாக்டர், நாங்கள் இந்தப் பிள்ளையைப் பெற்றுக்கொள்ளப் போகிறோம், என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் சொல்லுங்கள்” என்று தைரியமாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பவருக்கு வழி சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் சொல்லாவிட்டால் அடுத்தவரிடம் போகலாம்.

2008-இல் மும்பையைச் சேர்ந்த ஒரு தம்பதி உயர்நீதிமன்றத்துக்குப் போனது சிலருக்கு நினைவிருக்கும். குழந்தையின் இதயத் துடிப்பில் கோளாறு, பிறந்ததும் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அப்போது சட்டத்தின் எல்லை 20 வாரம், அதைக் கடந்துவிட்டதால் கலைக்க அனுமதி கேட்டார்கள். நீதிமன்றம் மறுத்தது. சில நாட்களில் கரு தானாகவே கலைந்துபோனது. நாடு முழுவதும் வாதம் நடந்தது, நம் குருக்களும் பேசினோம். நான்கூட ஒரு கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன், கைதட்டல் கிடைத்தது. அந்தத் தாயின் மனது என்ன பாடுபட்டிருக்கும் என்று அந்த அரைமணி நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னேனா? நம் பங்கில் இப்படி ஒருத்தி இருந்தால் பேஸ்மேக்கருக்கு யார் பணம் கட்டுவது என்று கேட்டேனா? இல்லை. கலைக்காதே என்று சொல்வதற்கு எனக்குச் செலவே கிடையாது. சொல்லிவிட்டு நான் பங்கு இல்லத்துக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிடலாம். அவள்தான் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள்.

1995-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ‘வாழ்வின் நற்செய்தி’ என்ற சுற்றுமடலை எழுதியபோது நான் குருமட மாணவன். கருவிலேயே நோயறியும் பரிசோதனைகளை அவர் ஒட்டுமொத்தமாகக் கண்டிக்கவில்லை. தாய்க்கும் சேய்க்கும் மிஞ்சிய ஆபத்து இல்லாமல், சிகிச்சைக்காகவோ பெற்றோர் தெளிந்த மனத்தோடு அந்தப் பிள்ளையை ஏற்பதற்காகவோ செய்வது நல்லதே என்றார். அறநெறி இறையியல் தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த ஞாயிறு சக்ரீஸ்து வாசலில் அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எந்தச் சிகிச்சையும் இல்லாத நிலைகளும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மண்டையோடும் மூளையும் உருவாகாத குழந்தை. பிறந்தால் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அப்படிப்பட்ட தாயிடம் போய்ப் புதுமை நடக்கும் என்று நான் இனிச் சொல்ல மாட்டேன். 2019 மே 25 அன்று உரோமையில் மருத்துவர்களையும் இப்படிப்பட்ட குடும்பங்களையும் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், கருவில் நோயுற்ற பிள்ளைகளைச் சின்னஞ்சிறு நோயாளிகள் என்றே அழைத்தார். குணப்படுத்த முடியாதபோதும் உடனிருக்க முடியும் என்பதைப் பற்றிப் பேசினார். குழந்தைக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது, சூடாகப் பொதிந்து தாயின் மார்பில் கிடத்துவது, பெயர் வைப்பது, தகப்பன் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது. இப்படிக் கவனிப்பதற்கென்றே சில நாடுகளில் மருத்துவமனைகளில் தனிக் குழுக்கள் இருக்கின்றன. நம் ஊரில் அது இல்லையென்றாலும், பிரசவ அறையில் இதை அனுமதியுங்கள் என்று முன்பே கேட்டுவைக்கலாம்.

ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க என்னைத் தேடி ஓட வேண்டாம். தகப்பனும் கொடுக்கலாம், பாட்டியும் கொடுக்கலாம், கேட்டுக்கொண்டால் நர்ஸும் கொடுக்கலாம், அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் போதும். தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் கொடுங்கள். திருமுழுக்குப் பெறாமல் இறந்துவிட்டதே, லிம்போவில்தான் இருக்குமோ என்று பாட்டிமார் இன்னும் அழுகிறார்கள். 2007-இல் வெளியான பன்னாட்டு இறையியல் குழுவின் ஏடு, இந்தக் குழந்தைகள் மீட்பு அடைவார்கள் என்று நம்ப நமக்குத் தக்க காரணங்கள் உண்டு என்றே சொல்கிறது. திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் விரும்பியிருந்தால், ஆயரின் அனுமதியோடு அந்தக் குழந்தைக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கும் செய்யலாம். நம் கல்லறைத் தோட்டத்தில் மேற்குச் சுவர் ஓரமாக, முள்செடிக்குள், பெயரில்லாமல் புதைத்த காலம் ஒன்று இருந்தது. பங்குப்பேரவையில் பேசிவிட்டோம். இனி அப்படி இல்லை. உபதேசியாரிடமும் சொல்லிவிட்டேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது, ஏற்கெனவே வேறு முடிவு எடுத்தவராக இருக்கலாம். பயத்தில், பிறர் சொல்லி, துணைக்கு யாரும் இல்லாமல். வானொலியை அணைத்துவிடாதீர்கள் அம்மா. கருக்கலைப்பு என்ற பாவத்தை ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகக் கொடுத்துவிட்டார். ஆயர் இல்லத்துக்குப் போக வேண்டியதில்லை, கடிதம் வேண்டியதில்லை. எந்தக் கோயிலிலும் எந்தக் குருவிடமும் வரலாம். கூடவே, தனியாக அந்தச் சுமையைத் தூக்கவிட்ட நாங்களும் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள்தான்.

சொந்தத்தில் கட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்துக்கு விதிவிலக்கு கேட்டு ஆயர் இல்லத்துக்கு விண்ணப்பம் எழுதுவது பங்குக் குருவின் வேலை. எத்தனையோ எழுதியிருக்கிறேன். பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கும். நெருங்கிய சொந்தத்தில் மணந்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன, எனவே ஏற்கெனவே கட்டியவர்களை யாரும் குத்திக்காட்ட வேண்டாம். ஆனால் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும்போது, ஒரு மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஃபோலிக் அமிலம் மாத்திரை பற்றியும் ஒரு நர்ஸ் வந்து சொல்கிறார். குழந்தையின் முதுகெலும்புக் குழல் கருவான முதல் நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது, பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே அப்போது தெரியாது. அதனால்தான் முன்பிருந்தே அந்த மாத்திரை. சாமியார் வகுப்பில் மாத்திரைப் பேச்சா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

மீண்டும் நற்செய்திக்கு வருகிறேன். கண்ணில் மண் பூசிய பார்வையற்ற மனிதர் யெருசலேம் தெருக்கள் வழியாகச் சிலோவாம் குளம் வரை போனார். படிகளில் இறங்கினார். யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்க வேண்டும். யார் என்று யோவான் எழுதவில்லை. சீடர்களில் ஒருவரா, அண்டை வீட்டாரா? விசாரிக்க வந்தவர்களின் பேச்சை எல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய நற்செய்தியாளர் இதை எழுதவில்லை. பார்வை கிடைத்த பிறகும் பாருங்கள், பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில், மகனையே கேளுங்கள், அவனுக்கு வயது வந்துவிட்டது என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கோழைகள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று அவர்கள் பக்கம் ஒரே ஓர் ஆளாவது நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ?

நம் பங்கில் கடந்த ஆண்டிலிருந்து ஒரு சிறிய ஏற்பாடு நடக்கிறது. ஸ்கேனில் ஏதாவது எழுதியிருந்தால் என்னிடமோ, உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடமோ, வெளியே சொல்ல வேண்டாம் என்றால் கன்னியர் இல்லத்திலோ சொல்லுங்கள். கத்தோலிக்கர்தான் என்று இல்லை, யாராக இருந்தாலும் சரி. புனித வின்சென்ட் தே பவுல் சபையார் போக்குவரத்துச் செலவையும் அந்த நாளின் கூலியையும் பார்த்துக்கொள்கிறார்கள். அன்பியத்திலிருந்து ஒரு பெண் கூட வருவார். டாக்டர் சொல்வதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவர் வேலை. பயத்தில் இருக்கும் தாய்க்குப் பாதிதான் காதில் விழும். ஆறுதல் சொல்கிறேன் என்று எதுவும் பேச வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது எனக்கும்தான்.

வரும் வியாழக்கிழமை ஒரு சகோதரி கோவைக்கு எக்கோ எடுக்கப் போகிறார். காலை 6 மணிக்குப் புறப்படுகிறார்கள், செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அன்று அடக்கம் செய்த அந்தக் குழந்தையின் தாயை நான் இந்தக் குழுவுக்குக் கூப்பிட்டேன். “அந்த ரோட்டுல இன்னும் என்னால போக முடியல சாமி” என்றார். வற்புறுத்தவில்லை. வியாழக்கிழமை போகிறவருடைய மூத்த பையனுக்கு மூன்று வயது. அவனை அன்று சாயங்காலம் வரை தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக நேற்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.